மரத்திடம் சாட்சி கேட்டவர்!

குட்டீஸ்... கள்ளக்குறிச்சிப் பக்கம் போயிருக்கிறீர்களா? விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019ல் தனி மாவட்டமான ஊர். அங்கே மரச்சிற்பப் பட்டறைகள் நிறைய உண்டு. பிள்ளையார், முருகன், யாளி, கதவு நிலை என்று எதைக் கேட்டாலும் உளியால் தட்டித் தட்டி எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். 2021ல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அந்தப் பட்டறை வாசலில் அறுத்துப் போட்ட மரத்துண்டு கிடந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். தேக்கு என்றால் இன்னும் நல்லது. குளத்தில் கல்லைப் போட்டதும் அலை விரியுமே... அதுபோல நடுவிலிருந்து பட்டை வரை வட்டம் வட்டமாகக் கோடுகள் தெரியும். ஒரு வட்டம், ஒரு வயது. நம் ஊரில் எல்லா மரத்திலும் இது தெளிவாகத் தெரியாது, தேக்கில் தெரியும்.

மரத்துக்கு எத்தனை வயது என்று எண்ணத்தானே இந்த வட்டங்கள் என்று நினைப்போம். ஒரு விஞ்ஞானி அந்த வட்டங்களிடம் வேறு ஒரு கேள்வியைக் கேட்டார். உலகத்தின் காற்றில் புகுந்தது யார் வீட்டுப் புகை என்பது தான் கேள்வி. மரங்களும் பதில் சொல்லிவிட்டன!

அவர் பெயர் ஹான்ஸ் சூஸ்.

அவர் கதைக்கு முன், அந்தக் கேள்வியைப் புரிந்து கொள்வோம். அதற்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் பிடித்து மலை ஏற வேண்டும். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டினால் வளைந்து வளைந்து கல்வராயன் மலைப் பாதை. மேலே வெள்ளிமலை. அங்கே வாழும் பழங்குடி மக்களை மலையாளிகள் என்பார்கள். கேரளத்து மலையாளிகள் இல்லை. மலையை ஆள்பவர்கள் என்று பொருள்.

அங்கே ஒரு பாட்டி, காட்டில் பொறுக்கிய சுள்ளியை அடுப்பில் வைத்து ஊதுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதே நேரம், மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று டீசலைக் குடித்தபடி மலைப் பாதையில் உறுமிக் கொண்டு போகிறது. அடுப்பிலிருந்தும் கரியமில வாயு வருகிறது. லாரியிலிருந்தும் கரியமில வாயு வருகிறது. இரண்டுக்கும் நிறம் இல்லை, மணம் இல்லை. காற்றில் கலந்த பின், இது பாட்டி விட்டது, இது லாரி விட்டது என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

போனால் போகிறது, பிரிக்காவிட்டால் என்ன என்று தோன்றுகிறதா? அங்கே தான் விஷயமே இருக்கிறது. கரியமில வாயு, பூமியின் மேல் போர்த்திய கம்பளி மாதிரி. அது கூடினால் பூமி சூடாகும். நிலக்கரியை எரித்து எரித்துத் தான் அது கூடுகிறது என்று 1938ல் இங்கிலாந்தைச் சேர்ந்த கை காலண்டர் என்ற நீராவி இன்ஜினியர் கணக்குப் போட்டுச் சொன்னார். பெரும்பாலான விஞ்ஞானிகள் நம்பவில்லை. காடுகள் மூச்சு விடுகின்றன, மண்ணில் இலை மக்குகிறது, கடல் பொங்குகிறது, எரிமலை வெடிக்கிறது. இதில் ஆலைப் புகையின் பங்கு என்ன என்று எப்படிச் சொல்வது? சாட்சி இல்லாத வழக்கு. சாட்சி இல்லாவிட்டால் யார் தப்பிப்பார்கள், யார் மாட்டுவார்கள்? பெரிய பெரிய கொதிகலன் வைத்தவர்கள் கையை உதறிவிட்டு, சுள்ளி எரித்த பாட்டியைக் கூடக் கை காட்டலாம் அல்லவா?

இப்போது சூஸ் கதைக்கு வருவோம்.

ஐரோப்பாவில் ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரில், 1909, டிசம்பர் 16ல் பிறந்தார் ஹான்ஸ். பாறைகளைப் படிக்கிற குடும்பம். அப்பா பிரான்ஸ் சூஸ், புவியியல் பேராசிரியர். தாத்தா எட்வர்ட் சூஸ், அப்பாவை விடப் பெரிய புள்ளி. வியன்னா நகரத்துக்கு ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து குடிநீர் கொண்டு வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அது மட்டுமா? உங்கள் புவியியல் பாடத்தில், ஒரு காலத்தில் இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒட்டிக் கொண்டிருந்தன, அந்தப் பெரிய கண்டத்தின் பெயர் கோண்டுவானா என்று படித்திருப்பீர்களே... அந்தக் கண்டத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் இந்தத் தாத்தா தான்! கோண்டுவானா என்றால் மத்திய இந்தியாவில் கோண்டு பழங்குடி மக்கள் வாழும் வனம். வியன்னாவில் உட்கார்ந்து கொண்டு, நம் நாட்டுப் பழங்குடியின் பெயரை உலகம் முழுவதும் பரப்பிவிட்டார். நம் கல்வராயன் மலைப் பாறைகளும் அந்தப் பழைய கண்டத்தின் துண்டு தான். இந்தப் பெயரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

தாத்தா 1914ல் இறந்த போது பேரனுக்கு நாலு வயது. பாறை படிக்கும் வீட்டில் பிறந்த பையன், வேதியியல் பக்கம் போனான். வியன்னா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, பிறகு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக்கு வேலைக்குப் போனார் ஹான்ஸ்.

அடுத்து வருவது, அவர் வாழ்க்கையில் கொஞ்சம் இருண்ட பக்கம். 1939ல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி. அணுசக்தி ஆராய்ச்சிக்கு ஜெர்மானியர்களுக்குக் கன நீர் தேவைப்பட்டது. கன நீர் என்றால் சாதாரணத் தண்ணீரை விட எடை கூடிய தண்ணீர். நம் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கூட அது பயன்படுகிறது. அப்போது அது நார்வே நாட்டு ஆலை ஒன்றில் தயாரானது. நார்வேயை ஜெர்மனி பிடித்து வைத்திருந்தது. அந்த ஆலைக்கு ஆலோசனை சொல்லும் நிபுணர்களில் ஒருவராக இருந்தார் ஹான்ஸ். 1943ல் நார்வே வீரர்கள் பனிமலையில் ஏறி, ஆலைக்குள் புகுந்து கன நீர்க் கருவிகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஜெர்மனி அணுகுண்டு செய்யவே இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நல்ல வேளை! பெரிய விஞ்ஞானி என்பதற்காக இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கதை சொல்வது சரியில்லை. அதனால் சொல்கிறேன்.

போர் முடிந்தது. ஹாம்பர்க் நகரம் குண்டு வீச்சில் நொறுங்கிக் கிடந்தது. அந்த நிலையிலும் ஹான்ஸ், ஜென்சன், ஹாக்சல் என்ற மூவரும் சேர்ந்து, அணுவின் கரு எப்படி அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது என்று 1949ல் ஒரு விளக்கம் கொடுத்தனர். அதே ஆண்டு, அமெரிக்காவில் மரியா மேயர் என்ற பெண் விஞ்ஞானி தனியாக அதையே கண்டுபிடித்தார். 1963ல் இதற்காக நோபல் பரிசு வந்த போது மேயருக்கும், ஜென்சனுக்கும் கிடைத்தது. ஹான்ஸ் சூஸுக்கு இல்லை. பரிசு கிடைக்காதவர் பெயர் பாடப்புத்தகத்தில் ஏறுவதில்லை. ஆனால், அவர் பெயர் வேறொரு வழியில் ஏறிவிட்டது, பொறுங்கள்.

1950ல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார் ஹான்ஸ். அங்கே வில்லர்ட் லிபி என்ற விஞ்ஞானி, கார்பன்-14 என்ற ஒன்றை வைத்து உலகத்தையே கலக்கிக் கொண்டிருந்தார். பழைய மரம், எலும்பு, விதை எதைக் கொடுத்தாலும் வயது சொல்லிவிடும் வித்தை. கீழடியில் கிடைத்த கரித்துண்டுக்கு கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று வயது சொன்னார்களே, அது இந்த வித்தையால் தான். லிபிக்கு 1960ல் நோபல் பரிசு கிடைத்தது.

கார்பன்-14 என்றால் என்ன? வானத்திலிருந்து காஸ்மிக் கதிர்கள் எப்போதும் நம் காற்று மண்டலத்தில் மோதிக் கொண்டே இருக்கின்றன. அப்படி மோதும் போது நைட்ரஜன் அணுக்கள் சில, கார்பனாக மாறிவிடும். சாதாரண கார்பனை விடக் கொஞ்சம் கனமான, நிலையில்லாத கார்பன். அதன் பெயர் கார்பன்-14. எவ்வளவு இருக்கும் தெரியுமா? ஒரு லட்சம் கோடி கார்பன் அணுக்களில் ஒன்றே ஒன்று!

காற்றில் இருக்கும் இந்தக் கார்பனை, கரியமில வாயுவோடு சேர்த்துச் செடி உறிஞ்சும். செடியை மாடு தின்னும். மாட்டுப் பாலை நீங்கள் குடிப்பீர்கள். ஆக, உங்கள் உடம்பிலும் கார்பன்-14 உண்டு. நீங்கள் ஊதும் பலூனுக்குள்ளும் உண்டு. உயிர் போன பின், புதிதாக உள்ளே வராது. இருப்பது மட்டும் மெல்ல மெல்ல அழியும். 5,730 ஆண்டில் பாதியாகும். இன்னொரு 5,730 ஆண்டில் அதிலும் பாதி. 50,000 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டால் அளக்கக் கூட மிஞ்சாது.

சரி... இப்போது பக்கத்து மாவட்டமான கடலூரில் இருக்கும் நெய்வேலிக்கு ஒரு நடை போய் வருவோம். அங்கே சுரங்கத்தில் வெட்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரி, ஒரு காலத்தில் காடாக இருந்தது தான். எப்போது? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்! அதில் கார்பன்-14 எவ்வளவு இருக்கும்? சுத்தமாக இருக்காது. டீசலிலும் அப்படியே.

இப்போது பாட்டியின் அடுப்பையும், லாரியையும் மறுபடி பாருங்கள். சுள்ளி, சில ஆண்டுகளுக்கு முன் காற்றிலிருந்து எடுத்த கார்பனைத் தான் திருப்பிக் கொடுக்கிறது. அதன் புகையில் கார்பன்-14 என்ற முத்திரை இருக்கும். கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையை எரித்தாலும் அப்படித் தான். லாரிப் புகையில் அந்த முத்திரை கிடையவே கிடையாது. ஆக, முத்திரை இல்லாத புகை உலகக் காற்றில் கூடக் கூட, காற்று முழுவதிலும் கார்பன்-14ன் பங்கு குறைய வேண்டும். பாலில் தண்ணீர் ஊற்றினால் பால் நீர்த்துப் போகுமே, அந்த மாதிரி.

பழைய காற்று இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால், 1850ம் ஆண்டின் காற்றைப் பாட்டிலில் பிடித்து வைத்தவர் யார்?

மரம் பிடித்து வைத்திருந்தது! 1850ல் போட்ட வட்டத்தில் 1850ம் ஆண்டின் காற்று. 1900 வட்டத்தில் 1900ம் ஆண்டின் காற்று. ஒரு வட்டம் முடிந்துவிட்டால் அதற்குள் புதிய கார்பன் போகாது. உள்ளே இருக்கும் கார்பன்-14 அழியும் தான். 100 ஆண்டுக்கு சுமார் 1.2 சதவீதம். வட்டத்தின் வயது தெரியும் என்பதால் அதைக் கணக்கில் சேர்த்துச் சரி செய்துவிடலாம்.

இந்த யோசனையோடு தான் வேலையில் இறங்கினார் ஹான்ஸ். 1950களின் தொடக்கத்தில், வாஷிங்டனில் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறைக்காக ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். சொல்வது சுலபம், குட்டீஸ். செய்வது எவ்வளவு கஷ்டம் பாருங்கள்... ஒரு கிராம் புதிய கார்பனை எடுத்துக் கொண்டால், அதில் நிமிடத்துக்குச் சுமார் 14 கார்பன்-14 அணுக்கள் அழியும். ஒவ்வொன்றும் அழியும் போது கருவியில் ஒரு சொடுக்கு விழும். நிமிடத்துக்கு 14 சொடுக்கு. ஹான்ஸ் தேடிய வித்தியாசம் எவ்வளவு? அந்த 14, 13.7 ஆகிறதா என்பது! இதற்காக ஒரு நாள், இரண்டு நாள் என்று எண்ணிக் கொண்டே இருக்க வேண்டும். அதற்குள் வெளியிலிருந்து காஸ்மிக் கதிர் வந்து பொய்ச் சொடுக்கு போட்டுவிடும். அதைத் தடுக்கக் கருவியைச் சுற்றிக் கனமான உலோகக் கவசம் வைக்க வேண்டும்.

லிபி, கார்பனைக் கரிப்பொடியாக்கிக் கருவிக்குள் பூசி எண்ணினார். இந்த நுணுக்கமான வேலைக்கு அது போதவில்லை. ஹான்ஸ் என்ன செய்தார் தெரியுமா? மரத்தின் கார்பனை அசெட்டிலின் வாயுவாக மாற்றினார். கேஸ் வெல்டிங் பட்டறையில் பார்த்திருப்பீர்களே, அந்த வாயு தான். கொஞ்சம் அசந்தால் வெடித்துவிடும். அதைக் கருவிக்குள் நிரப்பி எண்ணினார். எண்ணிக்கை துல்லியமானது.

விடை வந்தது. 19ம் நூற்றாண்டு வட்டங்களை விட, 20ம் நூற்றாண்டு வட்டங்களில் கார்பன்-14 குறைவு. 1950களின் நடுவில் வரிசையாகக் கட்டுரைகள் வெளியிட்டார் ஹான்ஸ். முதலில் கிடைத்த எண்கள் மரத்துக்கு மரம் கொஞ்சம் மாறின. ஆலைகள் நிறைந்த ஊரில் வளர்ந்த மரம், அந்த ஊர்ப் புகையையும் சேர்த்துக் குடித்திருக்குமே! பிறகு பல இடங்களில் அளந்த போது, உலகம் முழுவதற்கும் சுமார் 2 சதவீதம் என்ற அளவில் வந்து நின்றது.

ஏதோ முத்திரையில்லாத கார்பன், பூமிக்கு அடியிலிருந்து காற்றில் கலந்திருக்கிறது என்பதற்கு முதல் நேரடிச் சாட்சி இது. விஞ்ஞானிகள் இதற்கு சூஸ் விளைவு என்று பெயர் வைத்தனர். நோபல் வராமல் பெயர் வந்தது இப்படித் தான்!

கணக்கில் கெட்டிக்காரர்களான உங்களில் யாராவது இங்கே கையைத் தூக்க வேண்டுமே... அப்போது காற்றில் கரியமில வாயு ஏற்கனவே 10 சதவீதத்தை ஒட்டிக் கூடியிருந்தது. அப்படியானால் கார்பன்-14ம் 10 சதவீதத்தை ஒட்டி அல்லவா நீர்த்திருக்க வேண்டும்? ஏன் 2 மட்டும்?

இதே கேள்வி ஹான்ஸையும் குடைந்தது. 1955ல் கலிபோர்னியாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் கடல் ஆய்வு நிலையத்துக்கு அவரை அழைத்துக் கொண்டார், அதன் தலைவர் ரோஜர் ரெவெல். இருவரும் சேர்ந்து 1957ல் ஒரு கட்டுரை எழுதினர். பதில் கடலில் இருந்தது. காற்றும், கடலும் ஓயாமல் கரியமில வாயுவைப் பண்டமாற்று செய்து கொண்டே இருக்கின்றன. காற்றில் உள்ள ஒரு துளி வாயு, சுமார் 10 ஆண்டுக்குள் கடலுக்குள் போய்விடும்; கடலிலிருந்து வேறொன்று வெளியே வரும். முத்திரை இல்லாதது உள்ளே போக, முத்திரை உள்ளது வெளியே வர, காற்றில் வித்தியாசம் குறைவாகத் தெரிகிறது.

அப்படியானால் கடல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும், கவலை இல்லை என்று பலர் நினைத்தனர். அங்கே தான் சூட்சுமம். டவுன் பஸ்ஸை நினைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்துப் பேர் இறங்குகிறார்கள், பத்துப் பேர் ஏறுகிறார்கள். பஸ்ஸுக்குள் முகங்கள் மாறுகின்றன, கூட்டம் குறைகிறதா? கடல் நீரின் வேதியியல், உள்ளே வந்ததில் ஒரு பங்கை வெளியே தள்ளிவிடும் என்று ரெவெல் கண்டுபிடித்துச் சேர்த்தார். கட்டுரையின் அந்தப் பகுதி தான் பின்னாளில் எல்லாரையும் தூக்கி நிறுத்தியது.

அப்படியானால் காற்றில் வாயு கூடுகிறதா, இல்லையா என்று நேராகவே அளந்துவிட வேண்டியது தானே? ரெவெல் அதற்கும் ஆள் பிடித்தார். சார்லஸ் கீலிங் என்ற இளைஞர், ஹவாய் தீவில் மவுனா லோவா மலை மேல் கருவி வைத்து, 1958 மார்ச்சில் அளக்கத் தொடங்கினார். முதல் அளவு, பத்து லட்சத்தில் 313 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. வாயு கூடுகிறது என்று சொன்னது கீலிங்கின் கருவி. கூடியது எங்கிருந்து வந்தது என்று சொன்னது சூஸின் மரம். எனக்கு என்னவோ, இரண்டாவது தான் பிடிக்கும். கருவியை வாங்கிவிடலாம், 100 ஆண்டுப் பொறுமையை வாங்க முடியாது பாருங்கள்.

இதில் ஒரு அதிர்ஷ்டமும் உண்டு. அதே 1950களில் அமெரிக்காவும், சோவியத் யூனியனும், பிரிட்டனும் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அந்த வெடிப்பிலும் கார்பன்-14 உண்டாகும். 1963ல், திறந்த வெளிச் சோதனைக்கு ஒப்பந்தம் போட்டுத் தடை விதித்த நேரத்தில், பூமியின் வடபாதிக் காற்றில் கார்பன்-14 கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது. ஹான்ஸ் 10 ஆண்டு தாமதித்து வேலையைத் தொடங்கியிருந்தால், அந்த 2 சதவீதத்தை அன்றைய காற்றில் யார் கண்டுபிடித்திருப்பார்கள்? குண்டுகளுக்கு முந்தைய வட்டங்களைத் தேடிப் போயிருக்க வேண்டும்.

எரிமலையை விட்டுவிட்டோமே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. எரிமலை வாயுவிலும் கார்பன்-14 இல்லை. அதனால் கார்பன்-14ஐ மட்டும் நம்பினால் எரிமலை மேல் பழி போட இடம் உண்டு. இங்கே உதவிக்கு வருவது கார்பன்-13 என்ற இன்னொரு சகோதரன். இவன் அழிய மாட்டான். ஆனால், செடிகளுக்கு இவனைப் பிடிக்காது. முடிந்த வரை ஒதுக்கிவிட்டு லேசான கார்பன்-12ஐயே எடுத்துக் கொள்ளும். நிலக்கரி, பெட்ரோல் எல்லாம் பழைய செடி, பாசியிலிருந்து வந்தவை என்பதால், அவற்றிலும் கார்பன்-13 குறைவு. எரிமலை வாயுவில் அப்படிக் குறைவில்லை. உலகக் காற்றிலோ கார்பன்-13ன் பங்கும் இறங்கிக் கொண்டே வருகிறது. எரிமலை விடுதலை! அளவைப் பார்த்தாலும், எரிமலைகள் எல்லாம் சேர்ந்து விடுவது, மனிதர்கள் விடுவதில் நூறில் ஒரு பங்கு கூட இல்லை.

இந்தக் கார்பன்-13 விஷயத்தில் கள்ளக்குறிச்சி வயல்களில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நெல் கார்பன்-13ஐ நன்றாகவே ஒதுக்கும். கரும்பும், மக்காச்சோளமும் அவ்வளவாக ஒதுக்காது. காற்றை உள்ளே இழுக்கும் முறை அவற்றில் வேறு. அதனால், ஒரு சிட்டிகை சர்க்கரையைக் கொடுத்தால், அது கரும்பிலிருந்து வந்ததா, ஐரோப்பாவின் பீட்ரூட் கிழங்கிலிருந்து வந்ததா என்று ஆய்வுக்கூடத்தில் சொல்லிவிடுவார்கள். தேனில் கரும்புப் பாகு கலந்தாலும் மாட்டிக் கொள்ளும்.

மறுபடி ஹான்ஸ் பக்கம் போவோம். மரத்தின் மேல் பிடித்த பைத்தியம் அவரை விடவில்லை. கலிபோர்னியாவின் வெள்ளை மலைகளில் பிரிசில்கோன் பைன் என்ற மரம் உண்டு. முறுக்கிக் கொண்டு, பாதி பட்டுப் போனது போல் நிற்கும். வயது 4,000 ஆண்டுக்கும் மேல்! செத்து விழுந்த பழைய கட்டைகளின் வட்டங்களையும், உயிரோடு இருப்பவற்றின் வட்டங்களையும் பொருத்திப் பொருத்தி, இன்னும் பின்னால் போகலாம். அரிசோனா பல்கலைக்கழகத்து வெஸ்லி பெர்குசன் அந்தத் துண்டுகளை எண்ணி அனுப்ப, ஹான்ஸ் ஒவ்வொன்றிலும் கார்பன்-14ஐ அளந்தார். சுமார் 7,000 ஆண்டுக் கணக்கு! லிபியின் முறையில் சொல்லும் வயது சில காலங்களுக்குப் பல நூறு ஆண்டுகள் பிசகுகிறது என்று அதில் தெரிந்தது. இன்று கரித்துண்டுக்கு வயது சொல்லும் போதெல்லாம், மர வட்டங்களின் கணக்கை வைத்துத் தான் திருத்திச் சொல்கிறார்கள்.

1970ல் ஹான்ஸ் இதை வரைபடமாக வெளியிட்ட போது, சும்மா வழவழவென்ற கோடாக இல்லாமல், நெளிநெளியாக வரைந்திருந்தார். அதுவும் கணக்குச் சூத்திரம் எதுவும் வைக்காமல், புள்ளிகளைப் பார்த்துக் கையாலேயே வரைந்த கோடு. மற்றவர்கள் விடுவார்களா? நெளிவெல்லாம் உங்கள் கை நடுக்கம், அளவுப் பிழை என்றார்கள். ஆண்டுக்கணக்கில் இந்தச் சண்டை நடந்தது. ஹான்ஸ் அசையவில்லை. 1979ல் நெதர்லாந்தில் இன்னும் துல்லியமான கருவியில் அளந்தார்கள். நெளிவுகள் அங்கேயே, அதே இடத்தில் இருந்தன! சூரியனின் காந்த வலிமை கூடிக் குறைவதால், காஸ்மிக் கதிர்கள் கூடிக் குறைந்து ஏற்பட்ட நெளிவுகள் அவை. கோடு சரி தான். ஆனாலும், பரீட்சையில் நீங்கள் ஸ்கேல் வைத்தே வரையுங்கள்!

ஹான்ஸ் சூஸ் 1993, செப்டம்பர் 20ல் காலமானார். 83 வயது.

அவருக்குப் பின் அளக்கும் வேலை நிற்கவில்லை. கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே, வங்கக் கடற்கரையில் உள்ள புதுச்சேரியில், 2006 முதல் கண்ணாடிக் குடுவையில் காற்றைப் பிடித்து ஆராய்ந்திருக்கிறார்கள் இந்திய, பிரெஞ்சு விஞ்ஞானிகள். லடாக்கின் ஹான்லே, அந்தமானின் போர்ட் பிளேர் ஆகிய இடங்களிலும் இப்படிப் பிடித்தார்கள். இப்போதெல்லாம் சொடுக்கு எண்ணி உட்கார வேண்டியதில்லை. டில்லியில் உள்ளது போன்ற முடுக்கி இயந்திரங்கள், கார்பன்-14 அணுக்களையே நேரடியாக எண்ணிவிடும். கடுகளவு கரி போதும்.

அணுகுண்டு போட்ட கூடுதல் கார்பன்-14, கடலுக்கும் காட்டுக்கும் போய்க் குறைந்தது. அதன் மேல் நிலக்கரிப் புகையும் நீர்க்க வைத்தது. 2021ஐ ஒட்டி, வடபாதிக் காற்றில் அது ஆலைகள் வருவதற்கு முந்தைய அளவுக்கே இறங்கிவிட்டது. இன்னும் இறங்குகிறது. புகையை இப்படியே கூட்டிக் கொண்டு போனால், 2050ல் நெய்த புதுச் சட்டையையும், 1,000 ஆண்டுக்கு முந்தைய சோழர் காலத்துத் துணியையும் கார்பன்-14ஐ மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாளைய தொல்லியல் ஆய்வாளர்கள் பாடு திண்டாட்டம் தான்.

கோண்டுவானா நினைவிருக்கிறதா? ஹான்ஸ் இறந்து நாலு ஆண்டு கழித்து, 1997ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெப்ப நாட்டு மரங்களின் வட்டங்களில் அணுகுண்டுக் கார்பன் எப்படி ஏறி இறங்கியது என்று அளந்திருந்தார்கள். அதில் ஒரு மரம் நம் நாட்டிலிருந்து போனது. மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா ஊர் மரம். கோண்டு ராஜாக்கள் ஆண்ட மண். தாத்தா பெயர் எடுத்த வனத்திலிருந்து, பேரன் காட்டிய வழியில் சாட்சி சொல்ல ஒரு மரம்!

கள்ளக்குறிச்சிப் பட்டறைக்கு யாராவது போனால், புதிதாக அறுத்த தேக்குத் துண்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பட்டைப் பக்கத்திலிருந்து உள்ளே எண்ணிக் கொண்டே வாருங்கள். உங்கள் வயது எத்தனையோ, கிட்டத்தட்ட அத்தனையாவது வட்டத்தை ஒட்டி நீங்கள் பிறந்த ஆண்டின் காற்று இருக்கிறது.